பதினேழு தாளில் ஒரே எண்

கழக்கூட்டம் என்ற ஊருக்கு வேலைத் தேர்வுக்குப் போன பதினான்கு பேரும் தோற்றுத் திரும்பினார்கள். ஒருவர் இருவர் என்றால் உடம்பு சரியில்லை, பஸ் கிடைக்கவில்லை என்று ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பதினான்குக்குப் பதினான்கும் தோற்றால் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்தவளைத்தான் ஊர் பார்க்கும். சொல்லிக்கொடுத்தவள் ஷிஜி.

பாறசாலையில் ஒரு டிரஸ்ட் நடத்தும் ஐ.டி.ஐ.யில் ஷிஜி பதினோரு வருஷமாக ஏ.சி. மெக்கானிக் பிரிவின் டீச்சர். அதே ஐ.டி.ஐ.யில், அதே ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒர்க் ஷாப்பில் படித்து வந்தவளும்கூட. பிரிவில் இருபது பிள்ளைகள். வருஷா வருஷம் தேர்ச்சி நூற்றுக்கு நூறு. அதற்கப்புறம் என்ன ஆனார்கள் என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. பாதிப் பேர் கேட்டரிங்கில் பந்திக்குப் பிரியாணி விளம்பினார்கள், மீதிப் பேர் வளைகுடாவுக்கு விசா வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரஸ்பாண்டன்ட் சத்தியநேசன் கேட்டுவிட்டார். கேட்டதோடு நிற்காமல் கமிட்டியில் தீர்மானமும் போட்டுவிட்டார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் இந்த பேட்ச்சில் பதினான்கு பேருக்காவது வேலை உறுதியாக வேண்டும். இல்லையென்றால் ஏ.சி. மெக்கானிக் பிரிவை மூடுவது, ஒர்க் ஷாப்பை இடித்துப் பக்கத்தில் இருக்கும் டிரஸ்ட் கல்யாண மண்டபத்துக்கு டைனிங் ஹால் கட்டுவது. பிளான் போட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியும் ஆகிவிட்டது. தான் வெல்டிங் பிடித்துப் பழகிய மூலையில் 'கை கழுவும் இடம்' என்று நீல மையில் எழுதியிருந்ததைப் பார்த்த அன்றைக்கு ஷிஜிக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் பதினான்கு பேரும் தோற்றது.

மறுநாளே ஷிஜி லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள். தம்பானூர் ஸ்டாண்டில் பஸ் மாறி, நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, கழக்கூட்டம் போய்ச் சேரப் பதினொரு மணி. தேர்வு வைத்தது ஒரு பெரிய ஐ.டி. கட்டிடத்தின் பராமரிப்புப் பிரிவு. அதன் தலைமை இன்ஜினியர் நாகலக்ஷ்மிக்கு ஐம்பது வயதிருக்கும். சுடிதார், வெள்ளை ஹெல்மெட், இரும்பு மூக்கு வைத்த ஷூ, நெற்றியில் பளிச்சென்று விபூதி. கோட்டைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவர். தினமும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் ஆபீசுக்கு வண்டியைத் திருப்ப மாட்டார் என்று செக்யூரிட்டிக்காரரே சொன்னார்.

"எனக்க பிள்ளைகளுக்கு என்ன தெரியல்லன்னு சொல்லுங்க மேடம். தியரியா, பிராக்டிக்கலா?" என்றாள் ஷிஜி.

"ரெண்டும் தெரியறது. கேட்ட கேள்விக்கெல்லாம் பேஷா பதில் சொல்றா. வேலைக்குத்தான் ஆகாது."

"அதென்ன மேடம், தெரியுமாம், ஆனா ஆகாதாம்?"

நாகலக்ஷ்மி சிரித்தார்.

"அப்ப அதே டெஸ்ட்ட எனக்கு வைங்க," என்றாள் ஷிஜி. வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனாலும் உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. பதினோரு வருஷ சர்வீஸ், சும்மாவா?

நாகலக்ஷ்மி அவளைக் கட்டிடத்தின் அடித்தளத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே லாரி அளவுக்கு ஒரு சில்லர் இரைந்துகொண்டிருந்தது. கட்டிடம் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் அனுப்புகிற இயந்திரம் அது. போகிற தண்ணீர் எத்தனை டிகிரி, திரும்பி வருகிற தண்ணீர் எத்தனை டிகிரி, பம்பில் அழுத்தம் எவ்வளவு, மோட்டார் எத்தனை ஆம்பியர் என்று மணிக்கொரு தரம் ஆபரேட்டர் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். ஷிஜியிடம் அன்றைய தாளைக் கொடுத்தார்கள். காலை முதல் பத்து மணி வரை எழுதியிருந்தது. பதினொரு மணிக் கட்டம் காலி. அதை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் தேர்வு.

இதற்கா என்று நினைத்துக்கொண்டு ஷிஜி ஐந்தே நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தாள்.

"குளிர்ந்த தண்ணி எத்தனை டிகிரின்னு எழுதியிருக்கேள்?"

"ஏழு."

"திரும்பப் போய்ப் பாருங்கோ."

ஷிஜி போய்ப் பார்த்தாள். தெர்மாமீட்டரில் பத்து. அவளுக்கு முகம் சுட்டது. ஏனென்றால் முதல் தடவையும் அவள் பத்தைத்தான் பார்த்தாள். பார்த்த கண் பத்து என்றது. பாடப்புத்தகம் ஏழு என்றது. தாளில் மேலே ஏழு, ஏழு, ஏழு என்று வரிசையாக நின்றது. கை ஏழு என்று எழுதிவிட்டது.

"பத்துன்னு நான் பாத்தேன் மேடம்," என்றாள். குரல் கீழே இறங்கிவிட்டது. "நான்தான் தப்பாட்டு பாத்துட்டேன்னு நெனச்சேன்."

"இன்னிக்கு வேற ஒரு காலேஜுக்கு டெஸ்ட் இருந்தது, பத்து மணி அளவை எழுதினப்புறம் நான்தான் செட்டிங்கை மாத்திப் பத்துல வெச்சேன். அன்னிக்கும் இதேதான் பண்ணினேன். உங்க பதினாலு பேரும் ஏழுன்னுதான் எழுதினா. ஒருத்தர் விடாம." நாகலக்ஷ்மி ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மெஷின் கெட்டுப்போனா நான் சரி பண்ணிப்பேன். கெட்டுப்போச்சுன்னு எனக்குச் சொல்ல ஒரு ஆள் வேணுமோல்லியோ? ஏப்ரல்ல பக்கத்துல புது டவர் கட்டிடம் திறக்கறோம். இருபது ஆபரேட்டர் வேணும். இந்த ஜில்லால ஒரு காலேஜ் பாக்கியில்லாம கூப்பிட்டுப் பார்த்துட்டேன். எல்லாரும் புஸ்தகத்துல இருக்கறதை எழுதறா. கோயம்புத்தூர்லேருந்து ஆள் வரவழைக்கலாம்னு இருக்கேன்."

இருபது வேலை. பாறசாலையிலிருந்து ஒரு மணி ஒன்றரை மணி தூரத்தில், இருபது வேலை ஆளில்லாமல் கிடக்கிறது. அங்கே இருபது பிள்ளைகள் வேலையில்லாமல் கிடக்கிறார்கள். நடுவில் நிற்கிற முட்டுக்கட்டை பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் தான் போடும் கையெழுத்துத்தான் என்று ஷிஜிக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், மார்ச் முதல் வாரம் இன்னொரு தடவ என் பிள்ளைகளப் பாப்பீங்களா?"

"அதுக்குள்ள என்ன பண்ணப்போறேள்? புது மெஷின் டொனேஷனா வேணுமா?"

"மெஷின் வேண்டாம். உங்க லாக் ஷீட்டு ஒரு கட்டு தாங்க. சனிக்கிழமை சனிக்கிழமை நான் இஞ்ச வந்து நின்னு பாக்க விடுங்க. அது போதும்."

நாகலக்ஷ்மி அலமாரியைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து நீட்டினார்.

ஊர் திரும்பியதும் ஷிஜி வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஒர்க் ஷாப்புக்குப் போய் ரெக்கார்டு அலமாரியைத் திறந்தாள்.

எந்த ஊர் ஐ.டி.ஐ.யில் படித்தவர்களுக்கும் இந்த அலமாரி தெரியும். ஒவ்வொரு சோதனையையும் செய்து, அளவுகளை ரெக்கார்டு நோட்டில் எழுதி, டீச்சரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அளவு சரியாக வந்தால் கையெழுத்து, வராவிட்டால் திரும்பச் செய். திரும்பச் செய்ய யாருக்குப் பொறுமை? போன வருஷத்து அண்ணன் எழுதிய நோட்டை வாங்கினால் அதிலே சரியான அளவு தயாராக இருக்கிறது. அவன் அதற்கு முந்திய வருஷத்து அண்ணனிடம் வாங்கினான். இப்படியே எண்கள் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தன. கல்யாணத்துக்குப் போன அன்பளிப்புக் குத்துவிளக்கு ஒன்று பிரிக்காமலே பத்து வீடு சுற்றுமே, அது மாதிரி.

அலமாரியின் அடித்தட்டில் பிரவுன் அட்டை போட்ட ஒரு நோட்டு. 'வி. ஷிஜி, இரண்டாம் ஆண்டு.' அவளுடைய சொந்த நோட்டு. ஏழாவது சோதனை, கம்ப்ரசர் இழுக்கும் மின்னோட்டம்: நான்கு புள்ளி இரண்டு ஆம்பியர். இந்த வருஷத்து பிரபினுடைய நோட்டை எடுத்தாள். பிரிவில் முதல் மார்க் வாங்குகிறவன், முத்து முத்தாக எழுதுவான். ஏழாவது சோதனை: நான்கு புள்ளி இரண்டு ஆம்பியர்.

அந்தப் பழைய கம்ப்ரசர் ஆறு வருஷத்துக்கு முன்னால் எரிந்துபோனது. ஷிஜிதான் தன் கையால் கழற்றி, சின்னதாக ஒரு புதிய கம்ப்ரசரைப் பொருத்தினாள். எரிந்து பழைய இரும்புக்குப் போன கம்ப்ரசரின் எண்ணை ஆறு பேட்ச் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

ஒரே ஒரு நோட்டில் மட்டும் வேறு எண். மூன்று புள்ளி ஒன்று. ஆர்ஷாவின் நோட்டு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எதையும் மெதுவாகச் செய்கிற பெண். அந்த எண்ணின் மேல் சிவப்பு மையில் ஷிஜியின் எழுத்து: 'தவறு. திரும்பச் செய்.' மூன்று தடவை திரும்பச் செய்திருந்தாள் அந்தப் பெண். மூன்று தடவையும் மூன்று புள்ளி ஒன்று. நோட்டு முடியாததால் கழக்கூட்டத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி.

ஷிஜி மெஷினை ஓட்டினாள். மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தாள். மூன்று புள்ளி ஒன்று. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் இருபது பேரையும் மெஷினைச் சுற்றி நிற்கவைத்தாள்.

"நான் நேத்து கழக்கூட்டத்துக்குப் போனேன். நீங்க எழுதின அதே டெஸ்ட்ட எழுதினேன். நானும் ஃபெயில்."

"டீச்சரும் ஃபெயிலா?" என்று கேட்டான் பிரபின்.

"நானும் ஃபெயில்தாண்டே. பத்த பாத்து ஏழுன்னு எழுதினேன்." ஆர்ஷாவின் நோட்டை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, தான் சிவப்பு மையில் எழுதியிருந்ததைத் தானே அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள். "ஆர்ஷா, நீ எழுதினதுதான் மோளே சரி. தப்பு எனக்க பக்கம். மன்னிச்சுக்க."

ஆர்ஷா துப்பட்டா நுனியைத் திருகினாள். "பரவாயில்ல டீச்சரே," என்றாள் மெல்ல. பிறகு, "நான் மீட்டருதான் கேடுன்னு நெனச்சேன்," என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஷிஜியும் சிரித்தாள்.

அன்றைக்கு அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். கழக்கூட்டத்து லாக் ஷீட்டுகளைச் சுவரில் தொங்கவிட்டாள். மணிக்கொருவர் மெஷினைப் பார்த்து எழுத வேண்டும். கண் எதைப் பார்த்ததோ அது மட்டும். எண் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அளவு காட்டும் கேஜைத் தட்டிப் பார், இன்னொரு தடவை பார், பிறகு குறிப்புக் கட்டத்தில் எழுது. நடுவில் ஷிஜி யாருக்கும் தெரியாமல் ஒரு வால்வைக் கொஞ்சம் மூடிவைப்பாள், இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டைத் திருகிவைப்பாள். முதல் வாரம் இருபதில் பதினாறு பேர் ஏமாந்தார்கள்.

"மேல உள்ளவன் எழுதினத நீயும் எழுதுகதுக்கு நீ எதுக்குலே? ஜெராக்ஸ் மெஷின் போதும் அல்லே?" என்பாள் ஷிஜி. திட்டு வாங்கியவன் அன்று முழுக்க 'ஜெராக்ஸ்' என்று கூப்பிடப்படுவான். பிரபினுக்கு அந்தப் பட்டம் ஒரு வாரத்தில் நான்கு தடவை கிடைத்தது.

பழக்கம் தொற்றிக்கொண்டது. பிள்ளைகள் கேன்டீன் ஃபிரிட்ஜுக்கு லாக் ஷீட் மாட்டினார்கள். மண்டபத்து ஏ.சி.க்கு மாட்டினார்கள். ஒரு நாள் கரஸ்பாண்டன்ட் அறைக்குள்ளேயே போய்விட்டார்கள். சத்தியநேசன் யார் வந்தாலும் ரிமோட்டை எடுத்துப் 'பதினாறு' என்று காட்டிப் பெருமைப்படுகிறவர். சஜின் என்ற பையன் தெர்மாமீட்டரை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருபத்தெட்டு, சாரே," என்றான்.

"ரிமோட்டப் பாருலே. பதினாறு இல்லியா?"

"ரிமோட்டுல பதினாறு. ரூமுல இருபத்தெட்டு."

சத்தியநேசன் ரிமோட்டைப் பார்த்தார், வேர்த்திருந்த தன் சட்டையைப் பார்த்தார். அன்று சாயங்காலமே பிள்ளைகள் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார்கள். உள்ளே ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மறுநாள் அறை இருபத்துமூன்றுக்கு வந்தது. ஆனாலும் டைனிங் ஹால் பிளான் சுவரைவிட்டு இறங்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஷிஜி கழக்கூட்டத்துக்குப் போனாள். ஆபரேட்டர் பிச்சைக்கனியோடு நின்று சில்லரையும் பம்புகளையும் சூடான தண்ணீரை ஆற்றும் மொட்டைமாடிக் கூலிங் டவரையும் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். பார்த்ததைத் திங்கட்கிழமை கரும்பலகையில் வரைந்தாள். இருபது வருஷப் பழக்கம் உள்ள பிச்சைக்கனி, "கண்ண மூடிட்டு எழுதிருவேன் டீச்சர்," என்பார் பெருமையாக. அப்போது அது ஒரு பேச்சாகத்தான் ஷிஜிக்குப் பட்டது. தேர்வுக்கு முந்தின இரண்டு சனிக்கிழமையும் பரீட்சை வேலை இருந்ததால் போக முடியவில்லை.

மார்ச் முதல் வாரம் இருபது பேரும் காலை ரயிலில் கிளம்பினார்கள். இந்தத் தடவை யாரையும் நிறுத்திவைக்கவில்லை. நாகலக்ஷ்மி கட்டுத்திட்டமாக ஏற்பாடு செய்திருந்தார். செல்போன் எல்லாம் வாசலிலேயே வாங்கிவைத்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும், தாளை நிரப்ப வேண்டும், வெளியே வந்து வேறு அறையில் உட்கார வேண்டும். காத்திருப்பவரும் முடித்தவரும் பார்த்துக்கொள்ள வழியில்லை. ஷிஜிக்கு நாகலக்ஷ்மியின் அறையில் ஒரு நாற்காலி. பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடிந்தது.

இருபது தாள்களையும் புரட்டப் புரட்ட நாகலக்ஷ்மியின் முகம் இறுகிக்கொண்டே போனது. தாள்களை இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒரு குவியலில் மூன்று, மற்றதில் பதினேழு.

"டீச்சர், நான் இந்தத் தடவை எதையுமே மாத்தலை. எல்லாம் நார்மல். ஒரு தடவை சூடு பட்டவா, இல்லாத கோளாறைத் தேடறாளான்னு பார்க்கத்தான் அப்படி விட்டேன்." பதினேழு தாளையும் ஷிஜி பக்கம் தள்ளினார். "ரெண்டாம் நம்பர் பம்போட அழுத்தத்தைப் பாருங்கோ. எங்க ஆபரேட்டர் காலம்பறலேருந்து ரெண்டு புள்ளி எட்டுன்னு எழுதியிருக்கார். உங்க பசங்க பதினேழு பேர் ஒண்ணு புள்ளி நாலுன்னு எழுதியிருக்கா. பதினேழு பேரும் ஒரே தப்பு எண். இது எப்படி வரும்? பேசி வெச்சுண்டு வந்திருக்கா. இல்லேன்னா..." அவர் நிறுத்தினார். "சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பார்த்தேளே, நீங்களே சொல்லிக் கொடுத்தேளா?"

நாகலக்ஷ்மி மற்றக் குவியலை எடுத்தார்.

"இந்த மூணு பேர்தான் ஒழுங்கா எழுதியிருக்கா. இவாளை எடுத்துக்கறேன். மத்தவா வேண்டாம்."

மூன்று தாளில் மேலே இருந்தது பிரபினுடையது. முத்து முத்தாக, ரெண்டு புள்ளி எட்டு. மூன்று பேருக்கு வேலை. பதினான்குக்கு மூன்று. கண்ணாடிச் சட்டத்துக்குள் நீல மையில் எழுதிய கை கழுவும் இடம் ஷிஜியின் கண்முன் வந்து நின்றது. பேசி வைத்துக்கொண்டிருப்பார்களோ? ஏதாவது ஒரு கோளாறு இருந்தே தீரும் என்று நினைத்து, டீச்சரைச் சந்தோஷப்படுத்த, எல்லோரும் சேர்ந்து ஒரு எண்ணை முடிவு பண்ணியிருப்பார்களோ? ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்தது. வந்ததை மறைப்பானேன்.

தாள்களைக் கையில் எடுத்தாள். ஆர்ஷாவின் தாள் வந்தது. குறிப்புக் கட்டத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள்: 'கேஜை இரண்டு தடவை தட்டினேன். முள் ஆடி அதே இடத்தில் நின்றது. பம்பு சத்தம் வித்தியாசமாக இருக்கிறது, மணல் அரைப்பதுபோல.' இன்னொரு தாளில்: 'ஒன்றாம் நம்பர் பம்பின் கேஜில் பூஜ்யம் காட்டுகிறது, அது ஓடவில்லை.' சஜின் தாளில் எழுத்துப்பிழையோடு: 'தட்டிப் பாத்தேன்.'

பேசி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் எண்ணைப் பேசி வைப்பார்கள். சத்தத்தைப் பேசி வைக்க மாட்டார்கள்.

ஷிஜி எழுந்தாள். "மேடம், நான் எனக்க பிள்ளைகள நம்புறேன். பதினேழு பேரும் பொய் சொல்லியிருந்தா, இந்தப் பிரிவ நானே மூடிட்டுப் போறேன். கீழ போய்ப் பாக்கலாம், வாங்க."

"பிச்சைக்கனிக்கு இருபது வருஷ சர்வீஸ் டீச்சர்."

"எனக்குப் பதினோரு வருஷம். நானும்தான் ஏழுன்னு எழுதினேன்."

நாகலக்ஷ்மி ஹெல்மெட்டை எடுத்தார்.

அடித்தளத்தில் பிச்சைக்கனி எழுந்து நின்றார். நாகலக்ஷ்மி நேரே இரண்டாம் நம்பர் பம்பிடம் போனார். குனிந்து பார்த்தார். கேஜின் கண்ணாடியை விரலால் தட்டினார். முள் ஆடியது. அதே இடத்தில் வந்து நின்றது. ஒன்று புள்ளி நான்கு.

பம்பு மணல் அரைப்பதுபோலக் கரகரத்துக்கொண்டிருந்தது.

"பிச்சைக்கனி," என்றார் நாகலக்ஷ்மி, குரலை உயர்த்தாமல். "இங்க ரெண்டு புள்ளி எட்டு எங்கே இருக்கு?"

பிச்சைக்கனி கேஜைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "எப்பவும் ரெண்டு எட்டுதான மேடம் இருக்கும்..."

ஒன்றாம் நம்பர் பம்பை ஓடவிட்டு இரண்டாம் நம்பரை நிறுத்தினார்கள். பம்புக்கு முன்னால், தண்ணீரில் வரும் அழுக்கைப் பிடிக்க ஒரு சல்லடை உண்டு. அதன் மூடியைக் கழற்றினார்கள். சல்லடை என்று ஒன்று உள்ளே இருப்பதே தெரியவில்லை. மொட்டைமாடிக் கூலிங் டவரில் விழுந்த இலையும் பாசியும் பிளாஸ்டிக் டேப்பும் மண்ணும் சேர்ந்து களிமண் உருண்டையாக அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், யாரோ மொட்டைமாடியில் சாப்பிட்டுவிட்டுப் போட்ட பரோட்டா பொட்டலத்தின் ரப்பர் பேண்டு.

"போன வாரம் ரெண்டு தடவை சில்லர் தானா நின்னுபோச்சு," என்றார் நாகலக்ஷ்மி. "வெயில் ஜாஸ்தின்னு நெனச்சுண்டேன். கம்பெனிக்காராளைக் கூப்பிட்டு மெஷினைப் பிரிச்சுப் பார்க்கச் சொன்னேன். அவா வந்து ஒண்ணும் இல்லேன்னு போயிட்டா." பழைய தாள்களை வரவழைத்துப் புரட்டினார். பதினோரு நாள். ஒவ்வொரு மணிக்கும் ரெண்டு புள்ளி எட்டு, மூன்று ஷிப்ட் ஆபரேட்டர்களின் மூன்று கையெழுத்தில்.

அவர் முகத்தைப் பார்க்க ஷிஜிக்குப் பாவமாக இருந்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். ரெக்கார்டு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அன்றைக்கு அவளுக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

நாகலக்ஷ்மி நிமிர்ந்தார். கையில் சேறு. சிரிக்கத் தொடங்கினார். அடித்தளம் அதிர அப்படி ஒரு சிரிப்பு. "நான் பரீட்சை வெக்க வந்தேன் டீச்சர். உங்க பசங்க எனக்கு வெச்சுட்டா!"

மேலே அறையில் இருபது பேரும் முகம் செத்து உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ தப்பாகிவிட்டது என்று செய்தி எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. நாகலக்ஷ்மி சேற்றுக் கையோடே உள்ளே வந்து, பதினேழு தாளையும் உயர்த்திப் பிடித்தார். "இந்தத் தாள்ல பேர் இருக்கறவா அத்தனை பேரும் ஏப்ரல் ஒண்ணாம் தேதி வேலைக்கு வந்துடணும். புது டவர் உங்க பொறுப்பு. ஆர்ஷா யாரு?"

ஆர்ஷா எழுந்தாள்.

"பம்பு சத்தத்தைக் கேட்டு எழுதினியே, இந்தக் கட்டிடத்துல அதை வேற யாருமே கேக்கலை தெரியுமா? நானும் கேக்கலை."

அறையில் கிளம்பிய கூச்சலைக் கேட்டு மூன்றாம் மாடியிலிருந்து கணினிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சஜின் ஹெல்மெட்டை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கத் தவறினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெஷ்மா ஆர்ஷாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஷிஜி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கர்த்தரே, என்று மட்டும் சொல்ல வந்தது.

கிளம்பும்போது நாகலக்ஷ்மி அவளைத் தனியே கூப்பிட்டார். "எங்க ஆபரேட்டர்கள் பதினோரு பேர் இருக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை உங்க ஒர்க் ஷாப்புக்கு அனுப்பட்டுமா? உங்க பசங்களை அனுப்பினேளே, அவா மாதிரி ஆக்கி அனுப்புங்கோ." பிறகு ஒரு பொட்டலத்தை நீட்டினார். காலையில் பழவங்காடியில் உடைத்த தேங்காய். "நீங்க பிரசாதம் வாங்கிக்க மாட்டேளோ என்னமோ. சட்னிக்காவது வெச்சுக்கோங்கோ."

மறுநாள் சத்தியநேசன் கண்ணாடிச் சட்டத்தைத் தானே இறக்கிச் சுவரில் சாய்த்துவைத்தார். பெரிய ஐ.டி. கட்டிடக்காரர்கள் தங்கள் ஆட்களையே இங்கே படிக்க அனுப்புகிறார்கள் என்ற செய்தி காலையிலேயே மூன்று கமிட்டி அங்கத்தினர்களுக்கு அவர் வாயாலேயே போயிருந்தது. டைனிங் ஹால் யோசனையே வேறு யாருடையதோ என்பதுபோலப் பேசினார். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை எடுத்து, பேனா மூடியைத் திறந்தார்.

"மொத்தம் இருபது. வேலை கிடைச்சது... இருபது. என்ன ஷிஜி?"

"பதினேழு, சாரே."

"பதினேழோ? அந்த மூணு பேருக்கும் இன்னைக்கில்லேன்னா நாளைக்குக் கிடைக்கும் இல்லியா? இருபதுக்கு இருபதுன்னா கேக்க ஒரு அழகு. பேப்பர்ல போடுவான்."

ஷிஜி வாயைத் திறக்குமுன் வாசலில் ஒரு குரல் கேட்டது. பிரபின். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"சாரே," என்றான். "நான் முள்ளு ஒண்ணு நாலுல நிக்கத பாத்தேன். பாத்துட்டுத்தான் ரெண்டு எட்டுன்னு எழுதினேன். கை தன்னால எழுதிப்போச்சு." ஒரு அடி உள்ளே வந்தான். "என்னைய சேக்காதீங்க. சனிக்கிழமை அந்த ஆபரேட்டர்மாருக்க கூட நானும் மத்த ரெண்டு பேரும் இருக்கோம். மே மாசம் திரும்ப டெஸ்ட்டு உண்டுன்னு மேடம் சொன்னாவ. அப்ப சேத்துக்கலாம். இப்ப பதினேழுன்னே எழுதுங்க."

சத்தியநேசன் பிரபினைப் பார்த்தார், ஷிஜியைப் பார்த்தார். பேனா படிவத்தின்மேல் நின்றது.

பிறகு கட்டத்தில் பதினேழு என்று எழுதினார். எழுதிவிட்டு, சரியாக எழுதினோமா என்று ஒரு தடவை தட்டிப் பார்ப்பதுபோல விரலால் அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தார்.